மொட்டைமாடி ரேடியோ தொலைநோக்கி: டிஷ்ஷைக் கணினி கையில் ஒப்படைப்பது எப்படி

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 8 அடி வலை டிஷ் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் கேபிள் டிவிக்காரர் ஒருவரிடம் இருந்தது. இப்போது 1420 மெகாஹெர்ட்ஸில், நம் பால்வீதியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அனுப்பும் 21 சென்டிமீட்டர் அலையைக் கேட்கிறது. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொண்டவள். இந்த டிஷ்ஷைக் கணினியே திருப்ப வேண்டும் என்று வேலை தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மோட்டார் போட்டீங்க? எந்த புரோகிராம்?" என்றுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது: "எப்படி நிறுத்துவீங்க?"

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிறுத்தம். அப்புறம் டிஷ் எங்கே பார்க்கிறது என்று அறிவது. மூன்றாவதாக நகர்த்துவது. வானம் கடைசியில். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு ராத்திரியில் பாடம் படித்தேன். திருப்பும் எல்லைகளைப் புரோகிராமில் மட்டும் எழுதி வைத்திருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்கு உத்தரவு கொடுக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப் உறைந்துபோனது. மோட்டாருக்குக் கொடுத்த உத்தரவு அப்படியே நின்றுவிட்டது. டிஷ் சுற்றிச் சுற்றி, கோஆக்ஸ் கேபிளைத் தூணில் நூல்போல் சுற்றி இழுத்து, கனெக்டரைப் பிய்த்து, டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஃபீடைத் தாங்கும் மூன்று கம்பிகளில் ஒன்றை வளைத்தது. சத்தம் கேட்டு மேலே ஓடியபோதும் அது நிற்கவில்லை. திருகு ஒன்று பல்சக்கரத்தைத் திருப்பும் வார்ம் கியர் வைத்த மோட்டாருக்குக் களைப்பே வராது.

முதலில் நிறுத்தம்

டிஷ் பக்கவாட்டில் திரும்ப ஒன்று, மேலும் கீழும் சாய ஒன்று என இரண்டு அச்சு. ஒவ்வொரு அச்சுக்கும் இரு முனையிலும் ஒரு லிமிட் ஸ்விட்ச் வையுங்கள். அதன் கம்பி மைக்ரோகன்ட்ரோலருக்குப் போனால் போதாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரமே அந்த ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டும். சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகை ஸ்விட்சை மோட்டாருக்குத் தொடராக இணைத்து, அதன் குறுக்கே ஒரு 10 ஆம்பியர் டையோடைப் போடுங்கள். டிஷ் எல்லையைத் தொட்டதும் ஸ்விட்ச் திறந்து மோட்டார் நின்றுவிடும். எதிர்த்திசையில் ஓட்டும்போது மட்டும் டையோடு வழியாக மின்சாரம் போகும், டிஷ் தானாக எல்லையிலிருந்து வெளியே வரும். டையோடைத் தலைகீழாகப் போட்டால் எல்லைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே டிஷ்ஷில் மாட்டும் முன் மேசை மேல் வைத்து, கையால் ஸ்விட்சை அழுத்தி இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.

மின்கலத்துக்கும், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கும் நடுவில் சிவப்புக் காளான் பொத்தான் ஒன்று. படிக்கட்டில் ஏறி வந்ததும் கை எட்டும் இடத்தில் அது இருக்கட்டும். டிஷ்ஷின் அடியில் குனிந்து போய் அழுத்தும்படி வைக்காதீர்கள்.

மூன்றாவது காவல், வாட்ச்டாக். மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமரை இயக்கிவிடுங்கள். புரோகிராம் உறைந்தால் அது தானாக ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் முதல் வரியிலேயே மோட்டார்களை அணைக்க வேண்டும். டிரைவரின் அனுமதிக் கம்பியை ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு இழுத்து வையுங்கள். சிப் உயிரோடு இல்லாத அந்த ஒரு நொடியிலும் மோட்டார் அணைந்தே இருக்கும். கூடவே, அறையில் இருக்கும் கணினியிடமிருந்து 10 நொடி எந்தச் சேதியும் வராவிட்டால் நின்றுவிட வேண்டும்.

காற்று இதில் தனி விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்று சாதாரணமானதில்லை. 8 அடி டிஷ்ஷின் முகப்பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், மூடிய தகடு டிஷ் என்றால் நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். வலை என்றால் குறைவு, ஆனாலும் அலட்சியம் செய்ய முடியாது. கிண்ணக் காற்றுமானி ஒன்றை மாட்டி, வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டினால் டிஷ்ஷைத் தலைக்கு நேர் மேலே திருப்பி நிறுத்தும்படி செய்திருக்கிறேன். அந்த நிலையில் காற்றுக்குப் பக்கவாட்டு விளிம்புதான் கிடைக்கும். இங்கிலாந்தில் ஜோட்ரல் பேங்கில் இருக்கும் 76 மீட்டர் லவல் தொலைநோக்கியே 1976 ஜனவரி 2-ஆம் தேதி அடித்த புயலில் சாயப் பார்த்தது. அதன் பிறகு குறுக்குத் தாங்கல்கள் போட்டுப் பலப்படுத்தினார்கள்.

காற்று பலமாக அடிக்கும் நேரத்தில்தான் கரண்டும் போகும். அதனால் மோட்டாருக்கான மின்சாரத்தை இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து எடுக்கிறேன். டிரைவர் வாங்கும்போது 24 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 29 வோல்ட் வரை போகும். அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

எவ்வளவு துல்லியம் போதும்?

பலர் பணத்தை வீணாக்கும் இடம் இது. அலைநீளத்தை டிஷ்ஷின் விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால், டிஷ் ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்தின் அகலம் டிகிரியில் கிடைக்கும். 21 சென்டிமீட்டர், 240 சென்டிமீட்டர்: சுமார் 6 டிகிரி. முழு நிலவைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.6 டிகிரிக்குள் குறி வைத்தால் போதும். புனே அருகே கோடாட்டில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 45 மீட்டர் டிஷ்களுக்கு இதே அலைநீளத்தில் அகலம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான், அவர்களுக்கு 0.03 டிகிரி கவலை உண்டு. நமக்கு இல்லை. நான் 0.3 டிகிரியை இலக்காக வைத்தேன்.

டிஷ் எங்கே பார்க்கிறது?

"என் மோட்டாரில் ஏற்கெனவே பல்ஸ் எண்ணும் வசதி இருக்கிறதே" என்று நினைப்பீர்கள். பழைய சி-பேண்ட் டிஷ்களை நகர்த்திய 36 வோல்ட் ஆக்சுவேட்டருக்குள் ரீட் ஸ்விட்ச் இருக்கும். தண்டு நகர நகர அது பல்ஸ் கொடுக்கும். ஆனால் கரண்ட் போனால் கணக்கு போய்விடும். நம் ஊரில் அது எத்தனை முறை நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எழுந்ததும் "நான் இந்தக் கோணத்தில் இருக்கிறேன்" என்று சொல்லும் சென்சார்தான் வேண்டும்.

டிஷ் எவ்வளவு மேலே பார்க்கிறது என்பது ஏற்றக்கோணம். அதற்கு எளிதான வழி, செல்போனில் இருப்பது போன்ற ஆக்சிலரோமீட்டர். ஏடிஎக்ஸ்எல் 345 மாட்யூலை நீர் புகாத சின்ன டப்பாவில் வைத்து டிஷ்ஷின் முதுகில் ஒட்டினால் போதும். பல்சக்கரமும் இணைப்பும் தேவையில்லை. காற்றில் டிஷ் அதிரும்போது அளவு துள்ளும், அதனால் நூறு அளவுகளின் சராசரியை எடுங்கள்.

வடக்கிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது திசைக்கோணம். அதற்கு ஏஎஸ் 5600 என்ற காந்த சென்சார். ஒரு சுற்றை 4096 பங்காகப் பிரிக்கும், ஒரு பங்கு 0.088 டிகிரி. நமக்குத் தாராளம். காந்தம் குறுக்குவாட்டில் காந்தமேற்றியதாக இருக்க வேண்டும். ஒரு தட்டையான முகம் முழுக்க வடக்காக இருக்கும் சாதாரணப் பொத்தான் காந்தம் வைத்தால் எண் அசையவே அசையாது. இரண்டு அச்சுக்கும் இதையே வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: இந்தச் சிப்பின் முகவரி நிரந்தரமானது, சென்சார்கள் சிப்போடு பேசும் ஐ2சி கம்பி ஒன்றிலேயே இரண்டைப் போட முடியாது. நடுவில், இரண்டையும் மாற்றி மாற்றி இணைக்கும் ஒரு மல்டிபிளெக்சர் வேண்டும்.

சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மோட்டார் தண்டில் வைத்தால் மோட்டார் எங்கே என்று தெரியும். டிஷ் திரும்பும் தூணிலேயே வைத்தால் டிஷ் எங்கே என்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் கியர், செயின், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவி எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் பொய் சொல்லும்.

மோட்டாரும் ஆட்டமும்

திசைக்கோணத்துக்கு நான் போட்டது 24 வோல்ட் லாரி வைப்பர் மோட்டார். கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. நிமிடத்துக்கு 45 சுற்று. அதிலிருந்து 60-க்கு 1 வார்ம் கியர், அப்புறம் மோட்டார்சைக்கிள் செயின் செட், 14 பல்லும் 42 பல்லும். கணக்குப் போட்டால் டிஷ் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 90 டிகிரி திரும்பும். அது தேவைக்கு அதிகம். மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. பழைய இரும்பு என்று யாரும் தயங்க வேண்டாம். லவல் தொலைநோக்கியை மேலும் கீழும் சாய்க்கும் பல்வட்டங்கள் ராயல் சாவரின், ரிவெஞ்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பீரங்கிக் கோபுரங்களிலிருந்து எடுத்தவை.

வைப்பர் மோட்டாரில் ஒரு பொறி இருக்கிறது. பல மோட்டார்களில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பிரஷ் உள்ளேயே உடலோடு இணைந்திருக்கும். வண்டியில் அது சரி. நீங்கள் எச்-பிரிட்ஜ் சர்க்யூட் வைத்துத் திசை மாற்றும்போது மோட்டாரின் உடல் முழுக்க 24 வோல்ட் ஆகிவிடும். அது தூணைத் தொட்டால் ஷார்ட். மல்டிமீட்டரால் உடலுக்கும் கம்பிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உள்ளே அந்த இணைப்பைப் பிரித்து வெளியே கம்பி எடுங்கள். அல்லது நைலான் வாஷர் வைத்து மோட்டாரைத் தனிமைப்படுத்துங்கள்.

வார்ம் கியரின் நல்ல குணம், மின்சாரம் இல்லாவிட்டாலும் காற்று தள்ளித் திரும்பாது. கெட்ட குணம், ஆட்டம். திசை மாறும்போது பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளியில் மோட்டார் சும்மா சுற்றும். என்னுடையதில் செயினும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு மேல் ஆட்டம். லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய் இதை எடுத்துக் கொடுங்கள் என்றேன். கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டமில்லாத வார்ம் கியர் கிடையாதுங்க டீச்சர். எடுத்தா இறுகிக்கும். ஆட்டம் இருக்குன்னு வெச்சுக்கிட்டு வேலை பாருங்க" என்றார். கட்டுப்பாட்டுப் புரோகிராமின் பாதி அந்த ஒரு வாக்கியம்தான். ஜிஎம்ஆர்டியில் ஒரு அச்சுக்கு இரண்டு மோட்டார் வைத்து, ஒன்றுக்கொன்று எதிராகக் கொஞ்சம் இழுக்க வைத்து ஆட்டத்தைத் தின்றுவிடுகிறார்கள். நமக்கு அதைவிட எளிய வழி: குறியை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகுவது. நான் கிழக்கிலிருந்து மேற்காக வந்து நிறுத்துகிறேன். மேற்கிலிருந்து வர வேண்டியிருந்தால் இரண்டு டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வரும்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது

"எங்கே பார்க்க வேண்டும்?" என்பது ஒரு வேலை. "அங்கே எப்படிப் போவது?" என்பது இன்னொரு வேலை. முதலாவது, அறையில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிக்கு. இரண்டாவது தூணடியில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கு. பை தடுமாறினாலும் டிஷ் பாதுகாப்பாக நிற்கும்.

மைக்ரோகன்ட்ரோலர் நொடிக்கு 50 முறை சென்சாரைப் படித்து, குறிக்கும் இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. இதற்குப் புத்தகங்கள் பிஐடி என்ற கட்டுப்பாட்டு முறையைச் சொல்லும். இந்த மாதிரி ஆட்டமுள்ள இயந்திரத்தில் ஐ பகுதி, அதாவது பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் பகுதி, டிஷ்ஷை முன்னும் பின்னும் ஊசலாட வைக்கும். நான் அதை எடுத்துவிட்டேன். வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் என்றால் நான் அனுமதிக்கும் உச்ச வேகம், அதற்குள் வந்தால் வேகம் படிப்படியாகக் குறையும், 0.3 டிகிரிக்குள் வந்தால் மோட்டார் அணைந்துவிடும். அணைந்தபின் வித்தியாசம் 0.5 டிகிரியைத் தாண்டினால்தான் மறுபடி எழும். கிளம்பும்போதும் ஒரு நொடி எடுத்து மெதுவாக வேகம் கூடட்டும், செயின் அறுபடாமல் இருக்கும்.

359 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்குப் போகச் சொன்னால் குறுக்குவழி 2 டிகிரிதான். ஆனால் கேபிள் அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு சுற்று சுற்றியிருந்தால் 358 டிகிரி திரும்பித்தான் வர வேண்டும். ஆகவே உள்ளே 0 முதல் 360 என்று வைக்காமல், வடக்கை நடுவாக வைத்து இரு பக்கமும் 200 டிகிரி என்று கேபிளின் கணக்கில் வைத்திருக்கிறேன். ஜிஎம்ஆர்டியில் இது இரு பக்கமும் 270. நீட்டிய 40 டிகிரியில் டிஷ் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று காந்த சென்சாருக்குத் தெரியாது. அதற்காகத் தூணில் தெற்குப் பக்கம் ஒரு நெம்பு ஸ்விட்ச் தனியாக வைத்தேன். எந்தப் பக்கமாகக் கடந்தது என்று அது சாய்ந்தே காட்டும்.

இரண்டுக்கும் நடுவில் பேச்சு, ஆர்எஸ்-485 முறுக்குக் கம்பியில். மாடிக்கும் அறைக்கும் இருக்கும் தூரமெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை. பேசும் மொழிக்கு, ஆன்டெனா திருப்பும் கருவிகளுக்கான ஈஸிகாம் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவிகளை ஓட்டும் ஹேம்லிப் மென்பொருளுக்கு அது தெரியும், ஹேம்லிப் தெரிந்தால் ஜிப்ரெடிக்ட் போன்ற செயற்கைக்கோள் புரோகிராம்கள் உங்கள் டிஷ்ஷை நேராக ஓட்டும். வேகமாக ஓடும் செயற்கைக்கோள் ஒன்றைத் தொடரச் சொல்லிப் பார்த்தால் கட்டுப்பாட்டில் இருக்கும் குறையெல்லாம் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, நாம் கட்டுவது கேட்கும் கருவி. மோட்டார் டிரைவரின் துடிப்பும் மைக்ரோகன்ட்ரோலரின் கடிகாரமும் ரேடியோ இரைச்சல் போடும். எல்லாவற்றையும் அலுமினியப் பெட்டியில் அடைத்தும் என் பதிவில் இரைச்சல் கோடு கோடாக வந்தது. அப்புறம்தான் யோசித்தேன்: பூமி 0.6 டிகிரி திரும்ப 2.4 நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் நகர்ந்தால் என்ன? இப்போது டிஷ் நகர்கிறது, நிற்கிறது, டிரைவரின் மின்சாரம் முழுக்க அணைகிறது, ரிசீவர் கேட்கிறது. மறுபடி நகர்கிறது. அந்தக் கோடுகள் போய்விட்டன.

நேரம்

விண்பொருளின் இடத்தைத் திசைக்கோணமாகவும் ஏற்றக்கோணமாகவும் மாற்ற, பைத்தான் மொழியில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் தொகுப்பு போதும். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றையும் கொடுத்தால் தரும். தவறு எப்போதும் மூன்றாவதில்தான் வரும். அது கேட்பது உலகப் பொது நேரம். இந்திய நேரத்தைக் கொடுத்தால் 5.30 மணி வித்தியாசம், வானத்தில் 82.5 டிகிரி. மதியம் தலைக்கு மேல் இருக்கும் சூரியனைத் தேடச் சொன்னேன். எங்கள் டிஷ் மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தது. 4 நிமிடப் பிழைக்கு 1 டிகிரி என்று நினைவில் வையுங்கள்.

ராஸ்பெரி பையின் பழைய மாடல்களில் கரண்ட் இல்லாதபோது நேரம் காக்கும் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாமல் எழுந்தால் பழைய நேரத்தை நம்பிக்கொண்டு டிஷ்ஷைத் திருப்பும். டிஎஸ் 3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் செருகிவிடுங்கள். ஆஸ்ட்ரோபையும் பூமிச் சுழற்சி அட்டவணையை இணையத்திலிருந்து எடுக்கப் பார்த்து முரண்டு பிடிக்கும். அந்தத் தானியங்கிப் பதிவிறக்கத்தை அணைத்துவிடலாம். நம் துல்லியத்துக்கு ஒன்றும் குறையாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாட்டுக் கையேடுகளில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதே இல்லை. நமக்கு வருடத்தில் இரண்டு முறை வரும். பொள்ளாச்சியில் ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும். அன்று சூரியன் காலை முழுக்கக் கிழக்கில் ஏறி, உச்சியில் ஒரே நொடியில் மேற்கு ஆகிவிடும். ஏற்றக்கோணம் ஒழுங்காகப் போகும், திசைக்கோணம் மட்டும் சட்டென்று 180 டிகிரி பாய வேண்டும். எந்த மோட்டாராலும் முடியாது. உச்சிக்கு 2 டிகிரி இப்பக்கமும் அப்பக்கமும் பதிவை நிறுத்திவிட்டு, அந்தப் பதினாறு நிமிடத்தில் டிஷ்ஷை நிதானமாகத் திருப்பிக்கொள்கிறேன்.

இந்தத் தொல்லையே இல்லாத ஏற்பாடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டி முத்தொரையில் 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் அதற்குத் தேடிப் பிடித்த மலைச்சரிவின் சாய்வு 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்க்க இரும்பை அசைப்பதே இல்லை. டைபோல் என்ற சின்ன ஆன்டெனாக்கள் 1056-லிருந்து வரும் அலைகளின் கட்டத்தை, அதாவது அவற்றின் ஏற்ற இறக்கம் வந்து சேரும் நேரத்தை மாற்றி, மின்னணு வழியிலேயே பார்வையைத் திருப்புகிறார்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தச் சரிவில் நின்று நெடுநேரம் பார்த்தேன். கணினி செய்ய வேண்டிய கணக்கை மலையே செய்து கொடுத்திருக்கிறது. உங்களிடம் வெல்டிங் வசதி இருந்தால், அச்சை வடக்கு நோக்கி 11 டிகிரி தூக்கி வைக்கும் தாங்கியை யோசித்துப் பாருங்கள்.

சூரியனை வைத்துத் திருத்துவது

வடக்கைக் கண்டுபிடிக்கக் காம்பஸ் வேண்டாம். பக்கத்தில் அவ்வளவு இரும்பு இருக்கிறது, அது சொல்வதை நம்ப முடியாது. சூரியன் போதும். காலை ஒன்பது மணி வாக்கில், டிஷ்ஷைக் கையால் சூரியன் பக்கம் திருப்புங்கள். ஃபீடின் நிழல் டிஷ்ஷின் நடுமையத்தில் விழும்போது டிஷ் சூரியனை நேராகப் பார்க்கிறது. அந்த நொடிக்கு ஆஸ்ட்ரோபை சொல்லும் கோணங்களையும் சென்சார் சொல்லும் கோணங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசம்தான் உங்கள் முதல் திருத்தம். வலை டிஷ்ஷில் இது ஆபத்தில்லை. பளபளக்கும் தகடு டிஷ் என்றால் வெயிலை ஃபீடில் குவித்து உருக்கிவிடும், முதலில் பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடியுங்கள்.

அப்புறம் ரேடியோவிலேயே பாருங்கள். 1420 மெகாஹெர்ட்ஸில் சூரியன் பலமாகக் கேட்கும். டிஷ்ஷைச் சூரியனுக்கு 10 டிகிரி இப்பக்கம் தொடங்கி 10 டிகிரி அப்பக்கம் வரை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் சக்தியைப் பதியுங்கள். ஏற்றக்கோணத்திலும் அதே. மணி வடிவ வளைவு கிடைக்கும். அதன் உச்சி பூஜ்யத்தில் இல்லாமல் தள்ளியிருந்தால் அதுதான் மீதிப் பிழை. அகலம் 6 டிகிரி வாக்கில் வந்தால் ஃபீடும் சரியான இடத்தில் இருக்கிறது. திசைக்கோண வளைவு உயரத்தில் அகலமாகத் தெரியும். ஏற்றக்கோணத்தின் கொசைனால் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

இதைக் காலையில் ஒருமுறை, பத்தரைக்கு, மூன்றுக்கு, ஐந்துக்கு என்று ஒரே நாளில் நான்கு முறை செய்யுங்கள். நான்கிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் வெறும் எண்ணைக் கூட்டிக் கழித்தால் முடிந்தது. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் பிழை வந்தால் தூண் சாய்ந்திருக்கிறது. அதைப் புரோகிராமில் திருத்தவும் கணக்கு உண்டு, ஆனால் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு தூணுக்குப் போங்கள். இரும்பில் சரிசெய்ய முடிந்ததை மென்பொருளில் மறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இந்தச் சூரியச் சோதனையை மாதம் ஒருமுறை செய்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் ஆடி முடிந்தபின் பார்த்தபோது என் ஏற்றக்கோணப் பிழை 0.2-லிருந்து 0.9 டிகிரிக்குப் போயிருந்தது. ஹைட்ரஜன் பதிவுகளில் எதுவும் தெரியவில்லை, அவ்வளவு அகலமான பார்வை. நோட்டில்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தால் அடித்தட்டின் நான்கு போல்ட்டில் இரண்டு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன.